ஆட்டிசம்: மரபணு அறிக்கையிலிருந்து வீட்டுத் தரை வரை, பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம் ஆனபோது டாக்டர் சீட்டில் ‘ஆட்டிசம்’ என்று எழுதினார். பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு மாதிரி அமையும் மூளை வளர்ச்சி நிலை அது. பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே முதல் கேள்வி எழுந்துவிட்டது: இது யார் பக்கத்திலிருந்து வந்தது? என் கணவர் என் அத்தை மகன். எங்கள் வீட்டில் ‘அந்தப் பக்கம்’ ‘இந்தப் பக்கம்’ என்று பிரித்துப் பழிபோடக்கூட வழியில்லை. எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். அதனால் பழி முழுவதும் கல்யாணத்தின் மேலேயே விழுந்தது.

அந்தக் கேள்விக்கு மரபணு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது. அது தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. ஆனால் பதில் தெரிந்த மறுநாளும் மகன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திரும்பியது நாங்கள் தரையில் உட்கார்ந்து பழகிய பிறகுதான். சோதனையில் எதைச் செய்வது, எந்த வரிசையில், வீட்டில் என்ன செய்வது, பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்பதை ஆறு வருடம் அலைந்து தெரிந்துகொண்டேன். இப்போது அப்படி ஒரு சீட்டோடு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: முதலில் காது, பிறகு மற்றதெல்லாம்

“அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான், விடுத்தா” என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். நாங்கள் அதை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்தோம். பேச்சு தாமதம் மட்டும் என்றால் காத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் பேச்சுக்கு முந்தையவற்றைக் கவனியுங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ஒன்றரை வயதில் விரல் நீட்டி “அதோ” என்று காட்டுகிறானா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? வந்த சொற்கள் மறைந்துபோயினவா? இவற்றில் ஒன்று உறுத்தினாலும் போய்க் காட்டிவிடுங்கள்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. கால் மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் அடுத்த பரிசோதனை தேவை என்று பொருள். ஆட்டிசம் என்று அந்தப் படிவம் மட்டும் முடிவு செய்யாது.

அதே வாரத்தில் பெரா எனப்படும் கேட்கும் திறன் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். டி.வி. விளம்பரச் சத்தத்துக்கு ஓடிவருகிறானே, காது எப்படிக் கேட்காமல் போகும் என்று தோன்றும். சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது, கட்டணம் இல்லை. தனியாரில் தேதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று. நோயறிதல் எழுத்தில் வரும்வரை வீட்டுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு வயதையொட்டிய குழந்தைகளில் முன்னறிகுறி தெரிந்த 103 பேரை எடுத்து, பாதிப் பேரின் பெற்றோருக்கு மட்டும் வீடியோ வழியாகப் பயிற்சி தந்து பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று அறியப்பட்டவர்கள் பயிற்சி பெற்ற குழுவில் 6.7 சதவீதம், பெறாத குழுவில் 20.5 சதவீதம். சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஆட்டிசத்தையே தடுத்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டு கையில் வருமுன்பே தொடங்கலாம் என்பதற்கு இது போதும்.

படி 2: பழியை இறக்கி வையுங்கள்

இதை ஒரு படியாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இது முடியாமல் அடுத்தது எதுவும் நகரவில்லை.

1943-ல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் தனியே அடையாளம் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகள், அன்பு காட்டாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று பெரிய டாக்டர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார் அதைச் சுமந்தபடி செத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதை உடைத்தது இரட்டையர் ஆய்வு. 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. வளர்ப்பு இரண்டு வகைக்கும் ஒன்றுதானே! வேறுபட்டது மரபணு.

பிறகு வந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான கணக்கு, மரபணுவின் பங்கை 80 சதவீதம் என்றது. இந்த எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘என் பிள்ளையின் ஆட்டிசத்தில் 80 சதவீதம் எங்களிடமிருந்து வந்தது’ என்பது இதன் பொருள் அல்ல. மொத்த மக்கள்தொகையில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்து மற்றவருக்கு இல்லாமல் போகும் வேறுபாட்டில் எவ்வளவை மரபணு விளக்குகிறது என்பதுதான் அது.

மரபணு என்றாலே பெற்றோர் கொடுத்தது என்று நினைப்பதும் தவறு. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்கள். தனியே ஒன்றும் செய்யாது, சேர்மானத்தில்தான் விளைவு. அத்தை சொன்ன ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்பதில்கூட இதன் சாயல் இருக்கலாம். மற்றொன்று, தனியாகவே பெரிய விளைவு தரும் அரிய மாற்றங்கள். இவற்றில் பல அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது புதிதாக நிகழ்ந்த எழுத்துப்பிழை. பிறக்கும் ஒவ்வொரு மனிதரிடமும் அப்படிப் புதிய மாற்றங்கள் 60, 70 இருக்கும். என்னிடமும் உண்டு, உங்களிடமும் உண்டு. பெரும்பாலும் அவை எந்தத் தீங்கும் செய்யாத இடத்தில் விழுகின்றன. ஒன்று மூளை வளர்ச்சிக்கான மரபணுவில் விழுந்தால் கதை மாறும். அப்பாவின் வயது ஒரு வருடம் கூடினால் இத்தகைய மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் செய்த ஆய்வு 2012-ல் காட்டியது. 2020-ல் 35,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசிய குழு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. பல, நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில் வேலை செய்பவை. மற்றவை, பிற மரபணுக்களை எப்போது இயக்குவது என்று தீர்மானிப்பவை.

சரி, சொந்தத்தில் கல்யாணம்? தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. மழுப்பாமல் சொல்கிறேன். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 16-ல் ஒரு பங்கும், தாய்மாமன் மணத்தில் 8-ல் ஒரு பங்கும் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். அதனால், இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அவற்றில் சில, ஆட்டிசம் போன்ற அறிகுறிகளோடும் வரும். ஆனால் பெரும்பாலான ஆட்டிசம் அந்த வழியில் வருவதல்ல. சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை, அசலில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கும் இருக்கிறது. உறவுத் திருமணம் என்பது டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவல். சோதனையின் திசையை அது மாற்றும். வீட்டில் சண்டை போடுவதற்கான சாட்சியம் ஆகாது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைப் பற்றி ஒரு பத்தி. 1998-ல் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரைதான் அந்தப் பயத்தின் வேர். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்விலும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. அடுத்த தவணை ஊசியை நிறுத்தாதீர்கள்.

படி 3: மரபணுச் சோதனை, எந்த வரிசையில்

ஆட்டிசம் இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையின் நடத்தையைப் பார்த்துத்தான் அதை அறிகிறார்கள். ‘ஏன்’ என்பதற்குக் காரணம் கிடைக்குமா என்று தேடத்தான் மரபணுச் சோதனை. இதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் முதலில் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் ஏதோ ஒரு பெரிய பேனல் சோதனைக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் அடிப்படைச் சோதனைக்குத் திரும்பினோம்.

லேபுக்குப் போவதற்கு முன் குழந்தையை ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டும். தலைச் சுற்றளவு, முகம், தோல். தோலில் இலை வடிவில் வெளிர்த் திட்டுகள் இருந்து வலிப்பும் வந்தால் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற நோயைச் சந்தேகிப்பார்கள். பேசிக்கொண்டிருந்த பெண் குழந்தை பேச்சையும் கை வேலையையும் இழந்து, கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் நோய்க்குறியை நினைப்பார்கள். அதற்குக் காரணமான மரபணு 1999-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று தலைமுறைக் குடும்பப் படத்தை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோங்கள். யார் யாருக்கு உறவு, வலிப்பு, தாமதமான பேச்சு, கருச்சிதைவு, சிறு வயதில் இறந்த குழந்தை எல்லாம் அதில் இருக்கட்டும். அத்தையும் நானும் சேர்ந்து உட்கார்ந்து அதை வரைந்த மத்தியானத்தில்தான் எங்களுக்குள் பேச்சு மீண்டது.

பிறகு சோதனைகள். ஃப்ரஜைல் எக்ஸ் சோதனையைத் தனியாகக் கேளுங்கள். எக்ஸ் குரோமோசோமில் ஒரு மூன்றெழுத்துத் துணுக்கு 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் நோய் இது. பெரிய தொகை வாங்கிச் செய்யும் எக்ஸோம் சோதனையில் வழக்கமாக இது தெரியாது. மைக்ரோஅரே என்பது குரோமோசோமில் துண்டு காணாமல் போயிருக்கிறதா, இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸோம், மரபணுக்களின் எழுத்துகளையே படிப்பது. எக்ஸோம் செய்தால் குழந்தையோடு அப்பா, அம்மா ரத்தத்தையும் சேர்த்து மூவருக்குமாகச் செய்யுங்கள். மாற்றம் புதிதா, வழிவழியாக வந்ததா என்று அப்போதுதான் உடனே தெரியும். உறவுத் திருமணம் என்றால் வளர்சிதை மாற்ற நோய்களுக்கான ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையையும் கேளுங்கள். அரிதுதான், ஆனால் உணவு மாற்றியோ விட்டமின் கொடுத்தோ சீராக்கக்கூடியவை அதில் இருக்கின்றன.

கையில் பணம் இல்லாவிட்டால்? அறிவுத்திறன் வளர்ச்சியிலும் தாமதம், வலிப்பு, உடலில் வேறு குறைபாடு, வளர்ச்சி பின்னோக்கிப் போவது ஆகியவை இருந்தால் எப்படியாவது செய்யுங்கள். அவை எதுவும் இல்லாமல், அடுத்த குழந்தைத் திட்டமும் இல்லாத குடும்பம் இதைத் தள்ளிப்போடலாம். சோதனை தாமதமானால் வீட்டுப் பயிற்சிக்கு எந்த நஷ்டமும் இல்லை. வீட்டுப் பயிற்சி தாமதமானால் நஷ்டம்தான்.

படி 4: அறிக்கையைப் படிப்பது

அறிக்கை மூன்று வகையில் வரலாம். பாத்தோஜெனிக், அதாவது நோயை உண்டாக்கும் மாற்றம், என்றால் காரணம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். அடுத்து, இதனால் உடலில் வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்று கேளுங்கள். டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்றால் மூளை, சிறுநீரகம், இதயம். ஃப்ரஜைல் எக்ஸ் என்றால் விஷயம் குழந்தையோடு நிற்காது. அதன் பாதி வடிவத்தைச் சுமக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோகலாம், தாத்தாவுக்கு வயதான காலத்தில் கை நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம்.

நெகட்டிவ் என்றால் மரபணுக் காரணம் இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். சிறு மாற்றங்களின் சேர்மானத்தை இந்தச் சோதனைகள் காட்டாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவது இந்த அறிக்கைதான்.

மூன்றாவது வி.யு.எஸ். ஒரு மாற்றம் தெரிகிறது, அது தீங்கானதா என்று தெரியவில்லை என்பது இதன் பொருள். எங்களுக்கு வந்தது இதுதான். இரண்டு இரவு இணையத்தில் அந்த மரபணுப் பெயரைத் தேடித் தேடி அழுதேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். உலக மரபணுத் தரவுகளில் நம்மவர்கள் குறைவு என்பதால், நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட ‘புதியது’ என்று வந்து நிற்கிறது. இந்தியாவில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த ஜீனோம் இந்தியா போன்ற முயற்சிகள் வளர வளர இவை தெளிவாகும். வி.யு.எஸ். அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காமல் பத்திரப்படுத்துங்கள். இரண்டு, மூன்று வருடம் கழித்து மறு ஆய்வு கேளுங்கள், புதிதாக ரத்தம் தர வேண்டியிருக்காது.

அறிக்கையை மெயிலில் வாங்கிக்கொண்டு நின்றுவிடாமல், ஜெனடிக் கவுன்சிலிங் எனப்படும் மரபணு ஆலோசனையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித்துறையே இருக்கிறது.

அடுத்த குழந்தையைப் பற்றி எல்லோருமே கேட்கிறார்கள். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. 2024-ல் வந்த பெரிய ஆய்வின்படி ஆண் குழந்தை என்றால் 25 சதவீதம், பெண் என்றால் 13 சதவீதம். ஏற்கெனவே இரண்டு பேருக்கு இருந்தால் 37 சதவீதம் வரை போகிறது. காரணம் தெரிந்த குடும்பங்களில் இந்தச் சராசரி பொருந்தாது. புதிதாக நிகழ்ந்த மாற்றம் என்றால் மிகவும் குறையும், இரண்டு பிரதியும் பழுதான நோய் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று. சோதனைக்குப் பணம் போட இதைவிட நல்ல காரணம் வேறில்லை.

படி 5: வீட்டுத் தரை

இனி வருவதுதான் எங்கள் வீட்டை மாற்றியது.

மான்செஸ்டரில் ஜோனதன் கிரீன் குழுவினர் பேக்ட் என்ற முறையை 152 குழந்தைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அதில் தெரபிஸ்ட் குழந்தையைத் தொடுவதே இல்லை. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்ப்பார். ‘இதோ, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?’ அவ்வளவுதான் பயிற்சி. தினமும் அரை மணி நேரம் வீட்டில் செய்ய வேண்டும். சுமார் ஆறு வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் திரும்பத் தேடிப் போய்ப் பார்த்தபோது, தீவிர நிலையில் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 46 சதவீதம், மற்றவற்றில் 63 சதவீதம். ஆட்டிசம் போய்விடவில்லை, பதற்றமும் குறையவில்லை. ஆனால் பயிற்சி நின்று பல வருடம் ஆன பிறகும் பலன் நின்றது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

இதையே நம் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி, பாஸ் என்ற பெயரில் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்தார்கள். 2016-ல் வெளியானது. அங்கே பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர், இதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பின்பற்றிப் பேசுவது நன்றாகக் கூடியது, குழந்தைகள் தாமாகத் தொடங்குவதும் கூடியது.

இனி வீட்டில் செய்வது. ஃபோனைச் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்து, பத்து நிமிடம் விளையாடுவதைப் பதியுங்கள். டி.வி. வேண்டாம். பொம்மை இரண்டோ மூன்றோ போதும். மூடியும் கிண்ணமும் நன்றாக இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு ஒரு தாளோடு உட்கார்ந்து பாருங்கள். முதலில், நீங்கள் எத்தனை தடவை கேள்வி கேட்டீர்கள், கட்டளையிட்டீர்கள் என்று எண்ணுங்கள். “இது என்ன கலர்?” “இங்க பாரு.” “பால்-னு சொல்லு.” என் முதல் வீடியோவில் பத்து நிமிடத்தில் 64 இருந்தன. என் மகன் மூன்று தடவை என் பக்கம் பார்த்திருக்கிறான். மூன்றையும் நான் பார்க்கவில்லை, அடுத்த கேள்வியில் மும்முரமாக இருந்தேன்.

மறுநாளிலிருந்து இப்படி. அவன் முகத்துக்கு எதிரே, அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதையே நீங்களும் பாருங்கள். மூடியைச் சுழற்றுகிறானா, நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். பிடுங்கி ‘சரியாக’ விளையாடச் சொல்லாதீர்கள். கேள்விக்குப் பதிலாக, அவனுக்குப் பேச்சு வந்தால் என்ன சொல்வானோ அதை ஒன்றிரண்டு சொல்லில் நீங்கள் சொல்லுங்கள்: “சுத்துது.” “விழுந்துருச்சு!” பிறகு பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அம்மா என்றால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அவன் ஏதாவது செய்தால், ஒரு பார்வையோ ஒரு சத்தமோ கையை இழுப்பதோ, உடனே பதில் கொடுங்கள். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வாரம் கழித்து, ஒரே மாதிரி நடக்கும் வேலைகளில் நடுவே நிறுத்திப் பாருங்கள். குளிக்க வைக்கும்போது “ஒண்ணு… ரெண்டு…” என்று சொம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். தூளியை ஆட்டிவிட்டுப் பிடித்து நிறுத்துங்கள். அவன் கண்ணோ கையோ ‘மூணு’ என்று சொல்லும். எங்களுக்கு அது பதினேழாம் நாள் கிடைத்தது.

வீடியோவை வாரம் ஒரு முறை எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். தெரபிஸ்டிடம் காட்ட அதைவிட நல்ல அறிக்கை கிடையாது.

படி 6: அத்தை, அப்பா, அக்கா

கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் காத்திருந்து, மற்ற நாலு பேர் “சொல்லு, சொல்லு” என்று நின்றால் பலன் குறையும். நான் அத்தைக்கு எதையும் விளக்கவில்லை. அவர் விளையாடுவதை வீடியோ எடுத்துக் காட்டினேன். அவர் தோசைக்கு மாவு ஊற்றுவதற்கு முன் கரண்டியைத் தூக்கிப் பிடித்து அவனைப் பார்ப்பார். அவனும் பார்ப்பான். “நீங்க என்னைவிட நல்லா காத்திருக்கீங்க அத்தை” என்றேன். அன்றிலிருந்து காலை தோசை நேரம் அவருடையது.

அப்பாவுக்கு ‘உதவி’ வேண்டாம், அவருக்கென்று தனி நேரம் கொடுங்கள். குளியலோ, இரவு மொட்டை மாடியோ. அக்கா, அண்ணன் இருந்தால் அவர்களைத் தெரபிஸ்ட் ஆக்காதீர்கள், அவர்களோடு மட்டும் கழிக்க வாரம் ஒரு மணி நேரம் எடுத்து வையுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: மிக்ஸி போடுவதற்கும் குக்கர் வைப்பதற்கும் முன் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் காலை அழுகை பாதி அதிலேயே நின்றது.

உங்கள் மனநிலையையும் கவனியுங்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் 57 பெற்றோரை வைத்து வேலூரில் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து பேசிக் கற்றவர்களுக்குக் குழந்தையைப் பார்க்கும் பார்வையே மாறியது. உங்கள் மையத்தில் காத்திருக்கும் பெஞ்சில் இருப்பவரிடம் பேசத் தொடங்குங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் போங்கள்.

படி 7: தெரபி மையத்தில் கேட்க வேண்டியவை

நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய எனக்குக் கற்றுத் தருவீர்களா? அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்கு என்ன? இவற்றுக்குத் தயங்கும் இடம் வேண்டாம். நாங்கள் முதலில் போன மையத்தில் கதவைச் சாத்திவிட்டு, ‘சிட்டிங் டாலரன்ஸ்’ (ஒரே இடத்தில் உட்காரப் பழக்குவது) என்று நாற்காலியில் அழ அழ உட்கார வைத்தார்கள். பதினோரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தை உங்களோடு பேச விரும்ப வேண்டும், பயந்து அடங்க வேண்டியதில்லை.

ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை நீக்குகிறோம் என்று வருபவர்களிடம் நிற்கவே நிற்காதீர்கள், அதில் உயிர் போயிருக்கிறது. பால், கோதுமை நிறுத்தும் உணவுமுறைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலு பண்டம் மட்டும் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பறிக்காதீர்கள்.

படி 8: தாள் வேலை

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழுக்கு இசா என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகளைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். குழந்தை புது இடத்தில் அமைதியாகிவிடுவதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்களா? வீடியோக்களைக் கொண்டுபோங்கள். சான்றிதழோடு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டை, பிறகு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு. வருடம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவில் ஒரு பகுதியும் அதில் வரும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பிற்பாடு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாவற்றுக்கும் இதே சான்றிதழ்தான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. மதிப்பீடு, தெரபி, பெற்றோர் வழிகாட்டல் எல்லாம் ஒரே வளாகத்தில்.

எல்லாத் தாள்களையும் ஒரே ஃபைலில் போடுங்கள். எங்கள் ஃபைலில் முதல் பக்கம் அத்தையும் நானும் வரைந்த குடும்பப் படம், அடுத்தது வி.யு.எஸ். அறிக்கை. அதற்குப் பின்னால் பழைய ஃபோன் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அதில் பதினேழாம் நாள் வீடியோ. சொம்பு மேலே நிற்கிறது, தண்ணீர் சொட்டுகிறது, நான் பேசாமல் இருக்கிறேன், அவன் என் முகத்தைப் பார்க்கிறான்.